முதல் நிமிஷமும் முதல் இரண்டு மணி நேரமும்

(பாப்பாரப்பட்டியில் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய உரை)



பாப்பாரப்பட்டி என்றதும் நாட்டு விடுதலை வரலாற்றை அறிந்தோர்க்குச் சுப்பிரமணிய சிவா நினைவுக்கு வருவார். பிறந்த நாட்டைத் தாயாகக் கண்டு, அத்தாய்க்கு இவ்வூரில் ஓர் ஆலயம் எழுப்ப வேண்டுமென்று அவர் கனவு கண்டார். 1923-ஆம் ஆண்டில் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் அதற்கு அடிக்கல் நாட்டினார். ஆலயம் எழும்புமுன், 1925 ஜூலை 23-ஆம் தேதி, சிவா இவ்வூரிலேயே கண்மூடினார். தாய்க்குக் கோயில் எடுக்க நினைத்த இம்மண்ணில், தடுக்கக்கூடிய காரணத்தால் பிரசவத்தில் ஒரு தாயும் மாளக் கூடாது, ஒரு சிசுவும் மடியக் கூடாது என்று நாம் உறுதி கொள்வது பொருத்தமேயாகும். அவ்வுறுதியை நிறைவேற்றுவதில் நமது ஆரம்ப சுகாதார நிலையங்களிலுள்ள செவிலியர்க்கு அளிக்கப்படும் பயிற்சிக்கு எவ்வளவு பங்குண்டு, அதில் பஞ்சாயத்துக்கு என்ன வேலை என்பதைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

பாதி வழி கடந்துவிட்டோம்

முதலில் நாம் பெருமைப்படத்தக்க செய்தியைச் சொல்லிவிடுவோம். 1993-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் உயிருடன் பிறந்த ஒவ்வொரு லட்சம் குழந்தைகளுக்கும் ஏறக்குறைய 380 தாய்மார்கள் இறந்தனர் என்று மதிப்பிடப்பட்டது. 2018-20-ஆம் ஆண்டுகளின் கணக்கில் இத்தொகை 54 ஆகக் குறைந்தது. அதே காலத்தில் நாடு முழுவதற்குமான தொகை 97. நம் மாநிலத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவ நிலையங்களிலேயே நடைபெறுகின்றன என்று 2019-21-ஆம் ஆண்டின் தேசியக் குடும்ப நல ஆய்வு கூறுகிறது. வீட்டுத் திண்ணையிலும் மாட்டுக் கொட்டகைக்கு அருகிலும் பிள்ளை பெற்ற காலம் நம் கண்ணெதிரே மறைந்துவிட்டது.

ஆனால், ஆஸ்பத்திரி வாசலை மிதித்துவிட்டால் ஆபத்து அகன்றது என்று எண்ணுவது தவறு. 2014 நவம்பரில் நம் மாவட்டத் தலைநகரில் சில நாட்களுக்குள் 11 பச்சிளங் குழந்தைகள் இறந்த செய்தி நாடெங்கும் பரவியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பிறக்கும்போது எடை குறைந்திருந்ததும், மூச்சுத் திணறலும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. இவை பெரிய ஆஸ்பத்திரிக்குள் தோன்றும் நோய்கள் அல்ல. ஊரில் கர்ப்ப காலத்திலும் பிரசவ அறையின் முதல் நிமிஷங்களிலும் வேர் விடுபவை. ஆகவே, கட்டடமும் கட்டிலும் வந்தபின் எஞ்சி நிற்பது ஒன்றே: ஆபத்து வரும் வேளையில் அங்கே நிற்கும் மனிதரின் கை என்ன செய்யும் என்பதுதான்.

யாருக்கு ஆபத்து வரும் என்பதை முன்கூட்டியே முழுவதும் கண்டுகொள்ள முடியாது. கர்ப்பிணிகளில் நூற்றுக்குச் சுமார் 15 பேருக்கு ஏதேனும் ஒரு சிக்கல் ஏற்படலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இரத்த சோகையையும் இரத்த அழுத்தத்தையும் முன்னரே கண்டறியலாம். ஆயினும் பத்து மாதமும் ஒரு குறையுமின்றி இருந்த பெண்ணுக்கும் பிரசவமான பத்தாம் நிமிஷத்தில் இரத்தம் பெருகக்கூடும்.

குழந்தையின் முதல் நிமிஷம்

பிறந்த குழந்தைகளில் நூற்றுக்குப் பத்துக்கு, மூச்சு விடத் தொடங்கச் சிறிது உதவி வேண்டியிருக்கிறது. அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு உலர்ந்த துணியால் நன்றாகத் துடைத்து, வெதுவெதுப்பாகச் சுற்றி, முதுகை மெல்லத் தேய்த்தாலே போதும், வீறிட்டு அழுதுவிடும். அதன் பின்னும் மூச்சு விடாத சில குழந்தைகள் உண்டு. அவற்றின் மூக்கையும் வாயையும் மூடும்படி சிறிய முகமூடியைப் பொருத்தி, செவிலியர்கள் அம்பு பை என்று வழங்கும் ஊதற்பையை அழுத்திக் காற்றைச் செலுத்த வேண்டும். நிமிஷத்திற்கு நாற்பது முதல் அறுபது தடவை அழுத்த வேண்டும். இதைப் பிறந்த முதல் நிமிஷத்திற்குள் தொடங்கிவிட வேண்டும். ஒரு வெற்றிலையை மடித்து வாயிலிடும் நேரந்தான் இது. மருத்துவர்கள் இதைப் பொன்னான நிமிஷம் என்று கூறுகின்றனர்.

இவ்வேளையில் குழந்தையைத் தலைகீழாகப் பிடித்து அடிப்பதும், குளிர்ந்த நீரைத் தெளிப்பதும் முற்காலத்து வழக்கம். இவை உதவுவதில்லை, தீங்கே செய்கின்றன. 108 வண்டியை அழைத்துத் தருமபுரிக்கு அனுப்புவோம் என்றாலும் பயனில்லை. வண்டி வாசலிலேயே நின்றாலும் அந்த ஒரு நிமிஷம் காத்திராது. ஆகவே இவ்வுயிரைக் காக்கக்கூடியவர் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் அல்லர். நமது சுகாதார நிலையத்துச் செவிலியரே.

தாயின் முதல் இரண்டு மணி நேரம்

தாய்க்கு வரும் ஆபத்துகளில் முதன்மையானது பிரசவத்திற்குப் பின் ஏற்படும் இரத்தப்போக்கு. நிறைமாதக் கர்ப்பிணியின் கருப்பைக்கு நிமிஷந்தோறும் அரை லிட்டருக்குக் குறையாத இரத்தம் பாய்கிறது. நஞ்சுக்கொடி விழுந்தபின் கருப்பை கல்லைப் போல் இறுகிக் குருதிக் குழாய்களை மூடிக்கொள்ள வேண்டும். அவ்வாறு இறுகாமல் துவண்டு கிடந்தால் இரத்தம் நிற்பதில்லை. உரிய சிகிச்சையின்றி விட்டால் இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே உயிர் போகக்கூடும்.

இதற்குப் பயிற்சி பெற்ற செவிலியர் என்ன செய்கிறார்? குழந்தை பிறந்த ஒரு நிமிஷத்திற்குள் ஆக்ஸிடோசின் என்னும் ஊசியைப் போட்டுக் கருப்பை இறுகத் துணை செய்கிறார். அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். இரத்தம் மிகுந்தால் கருப்பையை அழுத்தித் தேய்க்கிறார். சிரை வழியே திரவம் ஏற்றுகிறார். இரத்தம் உறைவதற்குதவும் டிரானெக்ஸாமிக் அமிலத்தை மூன்று மணி நேரத்திற்குள் செலுத்த ஏற்பாடு செய்கிறார். இரத்தம் எங்கிருந்து வருகிறதென்று சோதிக்கிறார். இவற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துப் பார்த்துச் செய்யாமல் ஒரே மூச்சில் செய்வதுதான் பயன் தருகிறது.

இரத்தப்போக்கைக் கண்ணால் பார்த்து மதிப்பிடுவோர் பெரும்பாலும் குறைவாகவே மதிப்பிடுகின்றனர். துணியிலும் தரையிலும் படிந்த இரத்தத்தை யாரால் அளக்க முடியும்? இதற்காகத் தாயின் இடுப்பின் கீழ் அளவுக்கோடுகள் இட்ட ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் பரப்பி, அதன் அடியில் சேரும் இரத்தத்தை அளக்கும் முறை வந்திருக்கிறது. நமக்கு அண்டையிலுள்ள கர்நாடகத்தின் பெல்காமில் முன்பே இத்தகைய விரிப்பைக் கொண்டு ஆராய்ந்தனர். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நான்கு நாடுகளில் 80 ஆஸ்பத்திரிகளில் நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2023-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. விரிப்பால் அளந்து, மேற்சொன்ன சிகிச்சைகளை ஒருங்கே செய்யப் பழக்கிய இடங்களில், கடும் இரத்தப்போக்கு, அதனால் நேரும் வயிற்று அறுவை, மரணம் ஆகிய மூன்றும் சேர்ந்த தொகை 60 சதவீதம் குறைந்தது. அங்கே புதிய மருந்து ஏதும் கண்டுபிடிக்கப்படவில்லை. இருந்த மருந்தை வேளையறிந்து கொடுக்கக் கைகள் பழகின, அவ்வளவே.

இரத்த அழுத்தம் மிகுந்து வரும் வலிப்பு மற்றோர் ஆபத்து. தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் வீங்குதல் ஆகியவை அதன் முன்னறிகுறிகள். மெக்னீசியம் சல்பேட் என்ற மருந்தின் முதல் அளவைச் சுகாதார நிலையத்திலேயே கொடுத்து, அதன் பின்னரே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். வழியில் வலிப்பு வந்து மாள்வதை இது தடுக்கிறது.

பயிற்சி என்பது யாது?

நம்மில் பலர் பயிற்சி என்றால் தருமபுரிக்கோ சென்னைக்கோ சென்று நாற்காலியில் அமர்ந்து சொற்பொழிவு கேட்பது என்று நினைக்கிறோம். பிரசவ உதவிக்கான பயிற்சி அத்தகையதன்று. செவிலியர்க்கு 21 நாட்கள், பிரசவங்கள் மிகுதியாக நடக்கும் ஆஸ்பத்திரியில், மூத்தோர் பார்த்திருக்கக் கையால் செய்து கற்பிக்கப்படுகிறது. பச்சிளங் குழந்தைக்கு மூச்சூட்டுவதற்கு 2009-ஆம் ஆண்டு முதல் தேசிய அளவில் தனியாக இரண்டு நாள் பயிற்சி உண்டு. மருத்துவர்களுக்கு மேலும் நீண்ட பயிற்சிகள் உள்ளன: சிசேரியன் முதலிய அவசர அறுவைக்கு ஒன்று; மயக்க மருந்து கொடுக்க மற்றொன்று.

நமது விவசாயிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மாங்கன்றில் ஒட்டுக் கட்டுவதைப் புத்தகம் படித்துக் கற்றவர் யார்? இவ்வூரிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திற்கு நீங்கள் செல்வதும் கண்ணால் கண்டு கையால் செய்து பார்ப்பதற்கே. ஒட்டுக் கட்டுபவர் ஆண்டுதோறும் நூறு கன்று கட்டுகிறார், கை மறப்பதில்லை. ஆனால், மாதத்திற்குச் சில பிரசவங்களே நடக்கும் சிறு நிலையத்தில், மூச்சு விடாத குழந்தையை ஒரு செவிலியர் ஆண்டில் ஒரு தடவையோ இரு தடவையோதான் காண நேரும். கற்ற வித்தை சில மாதங்களிலேயே கையை விட்டு நழுவத் தொடங்குகிறது. ஆகையால் ஒரு முறை பயிற்சி கொடுத்துச் சான்றிதழ் வழங்கிவிட்டால் காரியம் முடிந்ததாகாது. வாரந்தோறும் சிறிது நேரம் பொம்மையில் பழக வேண்டும்.

நாம் செய்த ஒரு பிழை

இங்கே நமது அனுபவம் ஒன்றைக் கூறாதிருக்க முடியவில்லை. பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு வட்டாரத்தில் நாம் பணியாற்றியபோது, ஊரார் ஒரு மனுக் கொடுத்தனர். “செவிலியர் அம்மா 21 நாள் பயிற்சிக்குப் போய்விட்டார். இரவில் நிலையம் பூட்டிக் கிடக்கிறது. அவரை உடனே திருப்பி அழைக்க வேண்டும்” என்பது மனுவின் சாரம். நாமும் அது நியாயமே என்று கருதிப் பரிந்துரை எழுதி அனுப்பினோம்.

இரண்டு நாள் கழித்து அந்நிலையத்து மருத்துவ அலுவலர் நம்மைத் தேநீருக்கு அழைத்தார். மேசைமேல் குழந்தை அளவில் ஒரு ரப்பர் பொம்மை கிடந்தது. அருகில் ஊதற்பையும் முகமூடியும் இருந்தன. “ஐயா, இக்குழந்தை மூச்சு விடவில்லை. இதோ பை” என்று சொல்லித் தம் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார். நாம் முகமூடியை வைத்துப் பையை அழுத்தினோம். பொம்மையின் மார்பு எழவில்லை. முகமூடியின் ஓரத்தில் காற்றுக் கசிந்தது. அழுத்திப் பிடித்தோம், தலை சாய்ந்து தொண்டை மடங்கியது. நிமிர்த்தினோம், மீண்டும் காற்றுக் கசிந்தது. பட்டம் பெற்று, கோப்புகளில் கையெழுத்திடும் நமது கைக்கு அந்தச் சிறு முகமூடி அடங்கவில்லை. “ஒரு நிமிஷம் ஆயிற்று, ஐயா” என்றார் அவர். வேறொன்றும் சொல்லவில்லை. ஏறத்தாழப் பத்தாம் முறை, தாடையை உயர்த்திப் பிடிக்க அவர் கற்றுக் கொடுத்தபின், மார்பு மெல்ல எழுந்தது.

மறுநாளே நமது பரிந்துரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம். எனினும் ஊரார் மனுவிலும் பாதி நியாயம் இருந்தது. பயிற்சிக்குச் சென்றவருக்குப் பதில் ஆள் இல்லாமல் நிலையத்தைப் பூட்டி வைத்தது பிழையே. அவர்கள் கேட்டிருக்க வேண்டியது பயிற்சியை நிறுத்தும்படி அன்று. பதில் செவிலியரை அனுப்பும்படி. நாமும் அதையே எழுதியிருக்க வேண்டும்.

நம் மாவட்டமே காட்டிய வழி

பயிற்சியால் இவ்வளவு நடக்குமா என்று ஐயுறுவோர் தொலைவுக்குச் செல்ல வேண்டாம். நம் தருமபுரி மாவட்டத்துச் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கைப் பாருங்கள். 1993-ஆம் ஆண்டில் மருத்துவர்களான ரெஜி ஜார்ஜும் லலிதா ரெஜியும் அங்கே குடியேறி, ஒரு குடிசையில் மருத்துவப் பணியைத் தொடங்கினர். அப்போது அங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்துகொண்டிருந்தன. வெளியூர்ச் செவிலியர் மலைக்கு வந்து தங்கத் தயங்கினர். ஆகவே அவ்வூர்ப் பழங்குடிப் பெண்களையே தேர்ந்து, பிரசவம் பார்க்கவும் அறுவைக்கு உதவவும் பழக்கினர். ஊரிலுள்ள மூத்த பெண்களைத் தேர்ந்து, கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் வீடு தேடிச் சென்று கவனிக்கப் பயிற்றினர். குழந்தை மரணம் பின்னர் ஆயிரத்துக்கு 20-ஐ ஒட்டிய அளவுக்கு இறங்கியது.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்திலும் மருத்துவர்கள் அபய் பங், ராணி பங் தம்பதியர், 39 கிராமங்களில் கிராமப் பெண்களுக்குப் பச்சிளங் குழந்தைப் பராமரிப்பைக் கற்பித்தனர். பிறந்து ஒரு மாதத்திற்குள் இறக்கும் குழந்தைகளின் தொகை ஆயிரத்துக்கு 62-லிருந்து மூன்றே ஆண்டுகளில் சுமார் 26-க்கு வந்தது. 1999-ஆம் ஆண்டில் வெளியான இம்முடிவு, பின்னர் நாடெங்கும் வீடு தேடிச் சென்று குழந்தையைக் கவனிக்கும் திட்டத்திற்கு வழிகாட்டியது. இவ்விரண்டு இடங்களிலும் பெருஞ்செல்வம் கொட்டப்படவில்லை. ஊர்ப்பெண்களின் கைகளில் நம்பிக்கை வைத்து, அக்கைகளை விடாமல் பழக்கினர்.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

மருத்துவம் பஞ்சாயத்தின் வேலையன்று. ஆனால் மருத்துவம் தன் வேலையைச் செய்ய இடங்கொடுப்பது பஞ்சாயத்தின் வேலையே. அதில் ஐந்தினை உங்கள் முன் வைக்கிறோம்.

முதலாவது, கேள்வி. மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, ஜனவரி 26 முதலிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. நம் நிலையத்தில் பிரசவம் பார்க்கும் எத்தனை பேர் பயிற்சி பெற்றிருக்கின்றனர், கடைசியாகப் பொம்மையில் எப்போது பழகினர், பயிற்சிக்குச் செல்லும்போது பதில் ஆள் யார் என்று அங்கே கேளுங்கள். குற்றஞ்சாட்டும் குரலில் அன்று. துணை நிற்கும் குரலில் கேளுங்கள்.

இரண்டாவது, மின்சாரமும் தண்ணீரும். ஆக்ஸிடோசின் ஊசி மருந்தை 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிரில் வைக்க வேண்டும். வெப்பத்தில் கிடந்தால் அதன் சக்தி குறைந்துவிடும். குளிர்பதனப் பெட்டி பழுதாகி நிற்குமானால், எவ்வளவு தேர்ந்த செவிலியரும் சத்திழந்த மருந்தைத்தான் செலுத்துவார். மின்தடைக்கு மாற்று ஏற்பாடு உண்டா, குழந்தையை வெதுவெதுப்பாக வைக்கும் கருவி இயங்குகிறதா, பிரசவ அறையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறதா என்று நேரில் சென்று பாருங்கள்.

மூன்றாவது, வழி. 2008 செப்டம்பரிலிருந்து 108 வண்டி நம் மாநிலத்தில் ஓடுகிறது. ஆயினும் தெரு முனையில் மணற்குவியல் கிடந்தால் வண்டி நின்றுவிடும். தூளி கட்டித் தோளில் சுமந்து இறங்க வேண்டிய மலையோரக் குடியிருப்புகளில், நாள் நெருங்கிய கர்ப்பிணியைச் சில தினங்கள் முன்னதாகவே கீழே அழைத்து வந்துவிட வேண்டும். மலைப்பகுதி நிலையங்கள் சிலவற்றில் இதற்கெனக் காத்திருப்பு அறைகள் உள்ளன. கிராம சுகாதாரச் செவிலியரிடம் எந்தப் பெண்ணுக்கு எப்போது நாள் என்ற கணக்கு இருக்கும். அவரோடு கலந்து வண்டியையும் துணையையும் முன்பே நிச்சயித்துக்கொள்ளலாம்.

நான்காவது, இரத்தம். இரத்தம் பெருகிய தாய்க்குச் சில சமயம் மாற்று இரத்தமே உயிர். ஆரோக்கியமான ஆண் மூன்று மாதத்திற்கு ஒரு முறையும், பெண் நான்கு மாதத்திற்கு ஒரு முறையும் இரத்தம் கொடுக்கலாம். ஊரிலுள்ள இளைஞர்களின் பெயரையும் இரத்த வகையையும் எழுதிய ஒரு பட்டியல் ஊராட்சி அலுவலகத்தில் இருக்கட்டும். இரத்த வங்கியின் முகாமுக்கு அவர்களை ஆண்டுதோறும் அழைத்துச் செல்லுங்கள்.

ஐந்தாவது, உண்மை. 1994-ஆம் ஆண்டு முதல் நம் மாநிலத்தில் ஒவ்வொரு தாயின் மரணத்தையும் விசாரித்துக் காரணம் அறியும் ஏற்பாடு இருந்து வருகிறது. விசாரிக்க வருவோரிடம் ஊரார் பலவற்றை மறைக்கின்றனர். பெண்ணுக்கு வயது பதினேழு என்பதையும், மாமியார் நாள் பார்த்துப் புறப்படத் தடுத்ததையும், பணமில்லாமல் இரண்டு மணி நேரம் கழிந்ததையும் சொல்ல வெட்கப்படுகின்றனர். தாமதம் மூன்று வகை: புறப்படத் தீர்மானிப்பதில் ஒன்று, வழியில் ஒன்று, ஆஸ்பத்திரியில் கவனிப்பதில் ஒன்று. எதில் பிழை நேர்ந்தது என்பதை மறைத்தால் அடுத்த தாய்க்கும் அதே பிழை நேரும். தண்டிப்பதற்கன்று, திருத்துவதற்கே அவ்விசாரணை.

வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. பிறந்த குழந்தையை முதல் நாளே குளிப்பாட்ட வேண்டாம். சர்க்கரைத் தண்ணீரும் கழுதைப் பாலும் வேண்டாம். ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் போதும். எடை குறைந்த குழந்தையைத் தாயின் மார்போடு தோல் படச் சேர்த்து வைத்திருப்பதே சிறந்த வெதுவெதுப்பு. குழந்தை பால் குடிக்க மறுத்தாலும், உடல் சில்லிட்டாலும், விலா உள்வாங்க மூச்சு விட்டாலும், தாய்க்கு இரத்தப்போக்கோ கடுந்தலைவலியோ கண்டாலும் விடியட்டும் என்று காத்திராதீர்கள்.

நமது வட்டாரத்தில் ஒவ்வொரு நாளும் ஏதோ ஒரு வீட்டில் ஒரு குழந்தை பிறக்கிறது. இன்றிரவும் பிறக்கலாம். அது அழாமல் கிடந்தால், அதன் அருகே நிற்கும் செவிலியரின் கை நடுங்காதிருக்க வேண்டும். அக்கை பழகுவதற்குரிய நாட்களை முணுமுணுக்காமல் கொடுப்பதும், பழகிய கைக்கு வேண்டிய மருந்தும் விளக்கும் குறையாமல் பார்த்துக்கொள்வதும் நம் பொறுப்பு. அடுத்த கிராம சபையில் இக்கேள்விகளை எழுப்பி, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வைப்பீர்கள் என்று நம்புகிறோம்.